குடத்தில் ஒட்டிய இங்கிலீஷ்

கண்ணு பவித்ரா,

நீ உள்ளே பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாய். நான் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாயால் சொன்னால் பாதியிலேயே "தெரியும் நைனா" என்று எழுந்து போய்விடுவாய். கடிதத்தை நீ பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உள்ளேயே காத்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் சாயங்கால வகுப்பு டீச்சர், ஆளுக்கு ஒரு கடிதம் எழுதி வாருங்கள், பலகையில் ஒட்டலாம் என்றார். என்னோடு படிக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே நான் விளக்கிச் சொன்னால், அது அவர்களுக்காக என்று பொறுத்துக்கொள்.

மெதுவாகத்தான் எழுத வருகிறது. 'ண' வரும்போதெல்லாம் எத்தனை சுழி என்று நின்று யோசிக்கிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. கடைக்காரர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா பெருசு, லவ் லெட்டரா?" என்றார். ஆமாம் என்றேன். "யாருக்கு?" என்றார். "உள்ள பரீட்ச எய்திக்கினு கீற என் பொண்ணுக்கு" என்றேன். "அது வெளிய வந்தா நேராவே சொல்லிடலாமே?" என்றார். "எய்தக் கத்துக்கினு கொஞ்ச நாள்தான் ஆவுது. கை சொம்மா இருக்க மாட்டேங்குது" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வேறு ஏதோ ஒரு பிள்ளையின் அப்பா, தன் போனிலிருந்து தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தார். நான் எழுதுவதை ஒருவர் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

போன வருஷமும் இதே கேட்தான். நீ தமிழில் பன்னிரண்டாவது வரை படித்தவள். சட்டம் படிக்க ஆசைப்பட்டாய். சின்ன வயதிலிருந்தே எதையும் எதிர்க்கேள்வி கேட்காமல் விடமாட்டாய். உன் அம்மா அலுத்துப்போய், "இந்த வாயிக்கு வக்கீலுக்குத்தான் படிக்கணும்" என்று திட்டுவாள். அவள் திட்டாகச் சொன்னதை நீ ஆசையாக எடுத்துக்கொண்டாய். நீ ஆசைப்பட்ட பெரிய சட்டக் கல்லூரியில் சேர ஒரு நுழைவுத் தேர்வு, அதில் இங்கிலீஷுக்கு ஒரு பெரிய பங்கு. நம் தெருவில் யாரும் சொல்லாத, டிவியில்கூட வராத சொற்களையெல்லாம் கொடுத்து அர்த்தம் கேட்பார்களாம். பழைய புத்தகக் கடையில் செங்கல் மாதிரி ஒரு புத்தகம் வாங்கி வந்தாய். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு மனப்பாடம் செய்வாய். காலையில் படித்தது சாயங்காலம் இருக்காது. நாற்காலியை உதைப்பாய்.

அப்போது ஒருநாள் நீ புத்தகத்தை என் கையில் கொடுத்து, "நைனா, எதனா ஒரு வார்த்தைய கேளு, நான் அர்த்தம் சொல்றேன்" என்றாய். நான் புத்தகத்தை வாங்கிப் பெரிய வாத்தியார் போல முகத்துக்கு நேராகப் பிடித்தேன். நீ என்னைப் பார்த்தாய், புத்தகத்தைப் பார்த்தாய். "நைனா, தலைகீயா புடிச்சிகினு கீற" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு வெட்கமாக இல்லை. ஆனால் உனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் பக்கத்திலேயே இருந்தும் உதவவில்லை என்பது மட்டும் மனதில் தங்கியது. மறுநாள் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். கெட்டி அட்டையைச் சின்னச் சின்னச் சீட்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் சொல்லை எழுதி, அதன் கீழே அதையே தமிழ் எழுத்தில் எழுதினாய். பின்பக்கம் அர்த்தம். "நீ தமிழ் படிச்சா போதும் நைனா, என்னை கேக்கலாம்" என்றாய். அந்த வாரமே நான் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சாத்தாங்காடு மார்க்கெட்டில் ஆயுசு முழுக்க இரும்பு ஏற்றியவன், முதல் நாள் ஒரு பென்சிலைத் தூக்க வியர்த்துப் போனேன்.

எழுத்து எனக்கு உடனே வரவில்லை. வந்தபோது ஒரேயடியாக வந்தது. பஸ்ஸின் நெற்றியில் 'டோல்கேட்' என்று எழுதியிருப்பதை ஒருநாள் படித்துவிட்டேன். இத்தனை வருஷமும் நம்பரை வைத்தே ஏறியவன், அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறக்கூட இல்லை, படித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு நான் பலகை ஒன்றைக்கூட விட்டதில்லை. சைக்கிள் நிறுத்தக் கூடாது. புரோட்டா ரெடி. இங்கே பஞ்சர் போடப்படும். நான் தினமும் போய் நிற்கிற ஒரு சுவரில் என்ன எழுதியிருந்தது என்றும் அப்போதுதான் தெரிந்தது. அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம், டீச்சரும் படிப்பார். நீ என்னோடு வரும்போதெல்லாம், "நைனா, மனசுக்குள்ள படி, எல்லாரும் பாக்கறாங்க" என்பாய். மனதுக்குள் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் நான் படிக்கக் கற்றபோது நீ படிப்பதை விட்டிருந்தாய். அதற்குள் போன வருஷப் பரீட்சை நாள் வந்து போய்விட்டது. அன்றைக்கு நாம் இதே இடத்தில் வந்து இறங்கினோம். கார்களிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் உன் வயதுப் பெண்கள் வட்டமாக நின்று இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உன்னை எதுவும் சொல்லவில்லை. உன்னைப் பார்க்கக்கூட இல்லை. நீ மரத்தடியில் நின்றாய். உள்ளே கூப்பிட்டார்கள், அவர்கள் போனார்கள். நீ திரும்பி, "வா நைனா, வூட்டுக்குப் போலாம்" என்றாய். "இன்னாம்மா, எதனா மறந்துட்டியா?" என்றேன். "எல்லாத்தையும் மறந்துட்டேன்" என்றாய். பஸ்ஸில் நம் டோல்கேட் வரும்வரை நீ ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய். வீட்டில் உன் அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போட்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு சோறு போட்டு நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

பிறகு நீ துணிக்கடை வேலைக்குப் போனாய். நல்ல வேலைதான். புடவையைப் பிரித்துப் போடுவதில் நீ கெட்டிக்காரி என்று முதலாளியே சொன்னார். செங்கல் புத்தகம் அலமாரிக்கு மேலே போனது. சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். "இந்த வருசம் எய்தலியா?" என்று உன் அம்மா கேட்டபோது, "அந்தப் பேச்சே வோணாம்" என்றாய். ஒரு மனிதரை உள்ளே போ என்று தள்ளலாம். உள்ளே போய் அவர் உட்கார வேண்டுமே.

இனி குடங்களின் கதை. தேர்தல் நேரத்தில் நம் ஹவுசிங் போர்டில் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் குடம் கொடுத்துவிட்டுப் போனார்களே, எல்லாம் ஒரே பச்சை, ஒரே அளவு. அதுவரை நம் பிளாக்கில் தண்ணீர் லாரிக்குச் சண்டை குறைவு. விடியும்போதே குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். குடம் நிற்கிற இடம்தான் ஆள் நிற்கிற இடம். சிவப்புக் குடம் கன்னியம்மா, மூக்கு உடைந்த நீலக் குடம் தேவி என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாக் குடமும் பச்சையானதும் வரிசையில் யாருக்கு எது இடம் என்று தெரியாமல் போனது. "இது என்து", "உன்துன்னு இன்னா எய்தி ஒட்டிக்கீதா?" என்று காலையிலேயே பேஜாராகிவிடும். லாரிக்காரர் குழாயை மூடிவிட்டு, "நீங்க முடிச்சிட்டு சொல்லுங்க" என்று பீடி பற்றவைப்பார்.

எழுதி ஒட்டியிருக்கிறதா என்ற அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. எழுதி ஒட்ட இங்கே ஒருவன் இருக்கிறானே என்று தோன்றியது. பெயர் எழுதலாம் என்றுதான் பென்சிலை எடுத்தேன். ஆனால் நம் பிளாக்கில் தேவி என்ற பெயரிலேயே மூன்று பேர். கன்னியம்மா என்று எழுதப் போய் 'ன்'னுக்கும் 'னி'க்கும் நடுவில் நின்றுவிட்டேன். அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் இருந்த டின் நினைவுக்கு வந்தது. எழுதித் தயாராக இருக்கிற சீட்டுகள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. குடத்துக்கு ஒன்று ஒட்டினால் அடையாளத்துக்குப் போதாதா? நீ கடையிலிருந்து வருவதற்குள் வீடு வீடாகப் போய் ஒட்டிவிட்டேன். தமிழ் எழுத்து இருக்கும் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று அர்த்தம் எழுதிய பக்கத்தில் பசையைத் தடவினேன். கண்ணு, இதைத் தந்திரம் என்று நினைத்துவிடாதே. உன்னைத் திரும்ப இழுக்க நான் போட்ட திட்டம் என்று உன் அம்மா இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு அவ்வளவு மூளை இருந்திருந்தால் இரும்பு ஏற்றப் போயிருக்க மாட்டேன். அர்த்தத்தை உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன் என்பதுகூட மறுநாள் கன்னியம்மா கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

நீ அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தாய், வெளியே நடந்ததில் முதல் பாதி உனக்குத் தெரியாது. கன்னியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "இன்னா மாமா, என் குடத்துல இன்னாத்தையோ ஒட்டி வெச்சிக்கீற?" என்றாள். நான் பெருமையாகப் படித்தேன், "அப்-ஸ்டி-னேட்." "அப்டின்னா?" "தெர்ல." "தெர்லயா? தெரியாததையெல்லாம் என் குடத்துலதான் ஒட்டுவியா? கெட்ட வார்த்தயா இருந்தா?" இதற்குள் மற்றவர்களும் அவரவர் குடத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கிழித்துப் பார்க்கலாம் என்றால் பசை விடவில்லை. "எய்துனவளக் கூப்டு" என்று கன்னியம்மா கத்தினாள். "ஏ பவி! வெளிய வாடி!"

நீ வாயில் நுரையோடு வந்தாய். குடங்களைப் பார்த்தாய். உன் கையெழுத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டேன். திரும்பி உள்ளே போய்விடுவாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் கன்னியம்மா வழியை மறித்துக் குடத்தை உன் மூக்குக்கு நேரே நீட்டியிருந்தாள். நீ துப்பிவிட்டு, "புடிவாதம் புடிச்சவன்னு அர்த்தம்கா" என்றாய். தேவி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "மெய்யாலுமே சரியாதான் ஒட்டிக்கீறாரு மாமா!" கன்னியம்மா அவள் பக்கம் திரும்பி, "ரொம்ப சிரிக்காத, உன்துல இன்னா கீதுன்னு பாரு" என்றாள். தேவியின் குடத்தில் இருந்தது ஃப்ரூகல். "சிக்கனமா இருக்கறவங்க" என்றாய். "சிக்கனம் இன்னா சிக்கனம், கஞ்சம்னு சொல்லு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லக்கா, கஞ்சத்துக்கு வேற வார்த்த கீது. கஞ்சம்னா தேவையானதுக்கும் செலவு பண்ண மாட்டாங்க. ஃப்ரூகல்னா தேவையில்லாததுக்குப் பண்ண மாட்டாங்க. தேவியக்கா புள்ளைக்கு மருந்து வாங்கறப்ப யோசிச்சிச்சா? சொல்லு, யோசிச்சிச்சா?" என்று மடக்கினாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீ வாதாடினாய்.

அப்போதுதான் உன் அம்மா நம் குடத்தைக் கொண்டுவந்தாள். நான் படித்தேன், லோக்வேஷியஸ். நீ வாயைப் பொத்திக்கொண்டாய். "சொல்லுடி" என்றாள். "வோணாம்மா." "சொல்லப் போறியா இல்லியா?" "வாயாடி" என்றாய். அதற்குப் பிறகு உன் அம்மா, இந்த ஆளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தான் பட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்து, லாரி வந்து, தண்ணீர் பிடித்து, லாரி போகும்வரை சொன்னாள். சொல் பொய்யில்லை என்று அதிலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

சண்டை நின்றது. லாரிக்காரர்கூட "ஃப்ரூகல் முடிஞ்சிது, அடுத்து அப்ஸ்டினேட், குடத்த வையிம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதோடு போயிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை, அவ்வளவுதான். ஆனால் தண்ணீர்க் குடத்தில் காகிதம் எத்தனை நாள் நிற்கும்? ஒரு வாரத்தில் எல்லாச் சீட்டும் ஊறி உரிந்துவிட்டது. டின்னில் மீதி இருந்ததை ஒட்டினேன், அதுவும் ஊறிப்போனது. அப்போது கன்னியம்மா உன்னிடம் நேராக வந்து, "பவி, இந்த வாட்டி எனக்கு நல்ல வார்த்தயா குடு. புடிவாதம்னு போட்டு என் மாமியா வூடு வரைக்கும் மானம் போச்சி" என்றாள். நீ, "யோசிச்சி சொல்றேங்கா" என்றாய். வேலைக்குப் போய்விட்டு வந்த களைப்போடு ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்த புத்தகத்தை எடுத்தாய். தூசி தட்டியபோது நான் அடுப்பைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன். பார்த்தால் திரும்ப வைத்துவிடுவாயோ என்று பயம்.

மறுநாள் கன்னியம்மாவுக்கு டெனேஷியஸ் என்று கொடுத்தாய். "இதுவும் விடாம புடிக்கறதுதான். ஆனா தப்புன்னு தெரிஞ்சும் புடிச்சா அப்ஸ்டினேட். நாயத்துக்காகப் புடிச்சா டெனேஷியஸ். கைபம்பு கெட்டுப்போனப்ப ஆபீஸ்ல போயி தெனம் உக்காந்துகினு, ரிப்பேர் பண்ண ஆள் வர்ற வரைக்கும் எய்ந்திரிக்காம இருந்தியே, அத்த சொல்றேன்" என்றாய். கன்னியம்மா அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு, "இது பேஷா கீது. இத்த நனையாத மாதிரி ஒட்டு மாமா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து ஒவ்வொருவரும் அவரவர் குணத்துக்குச் சொல் கேட்டு வந்தார்கள். மருமகளுக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, அன்றைக்குச் சண்டை போட்டவளுக்கு ஒன்று. நீ பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆளை யோசித்து அந்த ஆளுக்குப் பொருந்தும் சொல்லைத் தேடினாய். எனக்கு என்ன சொல் என்று கேட்டேன். இன்கோரிஜிபிள் என்றாய். திருத்தவே முடியாதவராம். பலகையைச் சத்தமாகப் படிக்கிறேன் அல்லவா, அதற்காக. இதைவிட நல்ல பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

உனக்கு நான் சொல்ல ஆசைப்படுகிற ஒரே விஷயம் இங்கேதான் இருக்கிறது. நான் சாத்தாங்காட்டில் வேலைக்குப் போன முதல் நாள், கிரேன் ஆபரேட்டரைப் பார்த்து மேஸ்திரி "ஆரியா" என்றார், பிறகு "அபீஸ்" என்றார். அது என்ன பாஷை என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மிரண்டு போனேன். ஆனால் ஆரியா என்றதும் தலைக்கு மேலே இருந்த கம்பிக் கட்டு இறங்கியது, அபீஸ் என்றதும் ஏறியது. மதியச் சாப்பாட்டுக்குள் அந்தச் சொற்கள் எனக்குச் சொந்தமாகிவிட்டன. பாரத்தோடு சேர்த்துப் பார்த்த சொல் மறக்காது. போன வருஷம் நீ படித்த சொற்கள் எல்லாம் வெறும் காகிதத்தில் இருந்தன. அவற்றுக்கு மூஞ்சி இல்லை. இந்த வருஷம் அவற்றுக்குக் கன்னியம்மாவின் மூஞ்சி, தேவியின் மூஞ்சி, உன் அம்மாவின் வாய் எல்லாம் கிடைத்துவிட்டன. இனி எந்த ஊரில், எந்தப் பெரிய படிப்பில், எந்தப் புதுச் சொல் வந்தாலும் முதலில் அதற்கு ஒரு மூஞ்சி தேடு. சட்டத்தில் வரும் சொற்களுக்கும் அப்படி ஆட்கள் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆட்களை மறக்காத வக்கீலாக இரு.

விண்ணப்பம் போட்டதை நீ எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நைனா, பரீட்சைக்குப் போட்டுட்டேன்" என்றாய். உன் அம்மா, "கடைய உட்டுடுவியா?" என்றாள். "சீட்டு கெடச்சா உட்டுடுவேன்." "கெடைக்கலன்னா?" "அடுத்த வருசமும் போடுவேன்." உன் அம்மா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, கன்னியம்மா வார்த்த இவளுக்கும் ஒட்டிக்கிச்சி" என்றாள். எந்த வார்த்தை, அப்ஸ்டினேட்டா டெனேஷியஸா என்று நான் கேட்கவில்லை. இரண்டாவதைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அதே மரத்தடிக்கு வந்ததும் உன் நடை நின்றது. அதே போலப் பெண்கள், அதே போல இங்கிலீஷ். நீ செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்தாய். செருப்பில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள், கையை ஆட்டி ஆட்டி, மற்றவர்களுக்கு இடமே கொடுக்காமல். நீ நிமிர்ந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு என்னிடம் குனிந்து, "அம்மா மாதிரியே கீதுல்ல நைனா?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கும் வந்தது. அந்தச் சிரிப்போடேயே நீ நடந்தாய். பையைச் சோதித்தார்கள், அனுமதிச் சீட்டைப் பார்த்தார்கள், உள்ளே போனாய். திரும்பிப் பார்ப்பாய் என்று கையைத் தூக்கி வைத்திருந்தேன். நீ பார்க்கவில்லை. அதுவும் நல்லதுதான் என்று கையை இறக்கினேன்.

இதுவரை அங்கே பெஞ்சில் ஆரம்பித்து, அன்றைக்கு ராத்திரி நீ தூங்கிய பிறகும் உட்கார்ந்து எழுதியது. இனி எழுதுவது மறுநாள் வீட்டில். நீ கடைக்குப் போயிருக்கிறாய். ரிசல்ட் வர நாள் ஆகும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்கும் என்றுதான் என் மனம் சொல்கிறது, ஆனால் என் மனம் எப்போதுமே அப்படித்தான் சொல்லும், அதை நம்பி நீ எதுவும் செய்யாதே. நேற்று நான் பார்த்ததை மட்டும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

கேட் திறந்தது. பிள்ளைகள் மொத்தமாக வெளியே வந்தார்கள், அழுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், அப்பா அம்மாவைத் தேடுகிறவர்கள். உன்னைக் காணவில்லை. எழுந்து நின்றேன். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் தெரிந்தாய். கேட்டுக்கு உள்பக்கம், அந்தக் கண்ணாடிப் பெண்ணோடு நின்றுகொண்டிருந்தாய். நீதான் அவளிடம் போய் ஏதோ கேட்டிருக்கிறாய், ஏனென்றால் உன் கை கேள்வி கேட்கும்போது திரும்புகிற மாதிரி திரும்பியிருந்தது. அவள் யோசித்தாள். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள், அவளும் ஆட்டினாள். கண்ணாடிப் பெண்ணின் அம்மா வந்து போனைக் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே போனில் தலையைக் கவிழ்த்தீர்கள். பிறகு மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினீர்கள். நீதான் அதிகமாகக் கத்தினாய். நான் கூப்பிடவில்லை. போன வருஷம் அந்த மரத்தடியிலிருந்து என்னைத் திருப்பி அழைத்துப்போன பெண், அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று வாதம் செய்துகொண்டிருந்தாள். அவளாக முடித்துவிட்டு வரட்டும் என்று நின்றேன்.

வந்தாய். ரோட்டைப் பாதி தாண்டும்போதே உன் முகம் முழுக்கச் சிரிப்பு. பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் நீ என் தோளைப் பிடித்து உலுக்கி, போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாய்:

"நைனா, ஒரு வார்த்த எனக்குத் தெர்ல. அவளுக்கும் தெர்ல நைனா!"

உன் நைனா